சேலம் – நாமக்கல் மண்ணின் மனிதர்கள் – 11: எழுதிக் கொடுங்கள் என்று கேட்டவர்

1919 மார்ச் மாதம். சேலத்தை விட்டுச் சென்னையில் குடியேறியிருந்த ராஜாஜியின் வீட்டில் காந்தி தங்கியிருந்தார். ரௌலட் சட்டத்தை எப்படி எதிர்ப்பது என்று பேசுவதற்காக 'இந்து' ஆசிரியர் கஸ்தூரிரங்க ஐயங்கார் தலைவர்கள் சிலரைக் கூட்டினார். சேலத்துப் பெரியவர் ஒருவர், வயது 66, அங்கே ஒரு யோசனை சொன்னார். சத்தியாகிரகத்துக்கு நுணுக்கமான விவரங்கள் உட்பட எல்லாம் அடங்கிய கையேடு ஒன்றைக் காந்தியே எழுத வேண்டும் என்றார். அது தம் சக்திக்கு மீறியது என்று காந்தி ஒப்புக்கொண்டார். சுயசரிதையிலும் இதைக் குறித்திருக்கிறார். அதே நாட்களில் அரைத்தூக்கத்தில் அவருக்கு ஹர்த்தால் யோசனை தோன்றிய கதையைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். கையேடு கேட்ட பெரியவரைப் பேசுவோர் குறைவு.

அவர் சி. விஜயராகவாச்சாரியார். 1852 ஜூன் 18-ல் செங்கற்பட்டுப் பக்கம் பொன்விளைந்த களத்தூரில் பிறந்தவர். சேலம் முனிசிபல் கல்லூரியில் ஆங்கிலமும் கணிதமும் கற்பித்துக்கொண்டே, சட்டக் கல்லூரிப் படியேறாமல், தாமாகவே சட்டம் படித்து 1881-ல் தேறினார்.

மறு ஆண்டே சட்டம் அவர் மேல் பாய்ந்தது. 1882-ல் சேலத்தில் சாமி ஊர்வலம் போகும் வழியில் மசூதி கட்டுவது தொடர்பாக இந்து – முஸ்லிம் கலவரம் வெடித்தது. உயிரும் பொருளும் அழிந்தன. அதைத் தூண்டிவிட்டார் என்று நகராட்சி உறுப்பினராக இருந்த விஜயராகவாச்சாரியார் மேல் வழக்குப் போட்டுப் பத்தாண்டு தண்டனை விதித்தார்கள். மேல்முறையீட்டில் விடுதலையானார்.

வேறொருவராயிருந்தால் தலை தப்பியது என்று அத்தோடு வீட்டில் அடங்கியிருப்பார். இவர் விடவில்லை. தமக்கு எதிராகப் பொய் சாட்சி சொன்ன மூவரைக் கூண்டில் ஏற்றித் தண்டனை வாங்கித் தந்தார். பறித்த நகராட்சிப் பதவியைத் திரும்பப் பெற்றார். பதவி நீக்கியதற்காக இந்திய மந்திரியிடமே 100 ரூபாய் நஷ்டஈடும் பெற்றார். தொகை சின்னது. ஆனால் ஒரு ஜில்லா ஊர்க்காரருக்குச் சர்க்கார் தண்டம் கட்டியது அந்தக் காலத்தில் சாமானியச் செய்தியா? என்னை அதைவிடத் தொடுவது வேறொன்று. தாம் வெளியே வந்த பிறகும், கலவர வழக்கில் அந்தமானுக்குப் போனவர்களை அவர் மறக்கவில்லை. வைஸ்ராய் ரிப்பன் வரை முறையிட்டு அவர்களையும் மீட்டார். 'சேலத்து வீரர்' என்று ஊர் கொண்டாடியது இதற்காகத்தான்.

காங்கிரசிலும் அதே மனிதர்தான். 1887-ல் சென்னையில் கூடிய காங்கிரஸ், அமைப்புக்கு விதிகள் வகுக்கக் குழு போட்டபோது அதில் இருந்தார். பிறகு சென்னை சட்டசபை, டெல்லி சட்டசபை. 1900-ல் சேலத்துக்கு வக்கீல் தொழிலுக்கு வந்த இளைஞர் ராஜாஜிக்கு நெருங்கிய மூத்தவர்.

1920 டிசம்பரில் நாகபுரி காங்கிரசுக்குத் தலைமை வகித்தார். காந்தி எழுதிய புதிய அமைப்பு விதிகள் நிறைவேறியது அந்த மாநாட்டில்தான். நாலணாச் சந்தா, மொழிவழி மாகாணக் கமிட்டிகள், 15 பேர் கொண்ட காரியக் கமிட்டி எல்லாம் வந்தன. போராட்டத்துக்குக் கையேடு கேட்டவர், கட்சிக்கு விதிப்புத்தகம் வருவதைத் தலைவர் நாற்காலியிலிருந்து பார்த்தார். ஆனால் அதே மாநாடு உறுதி செய்த ஒத்துழையாமைத் திட்டத்தில் அவருக்கு முழு உடன்பாடு இல்லை. கோர்ட்டில் வாதாடி மானத்தை மீட்டவரிடம் கோர்ட்டைப் புறக்கணி என்றால் மனம் எப்படி ஒப்பும்? அந்தத் தயக்கத்தைக் கோழைத்தனம் என்று யாரும் சொன்னால் நான் ஏற்கமாட்டேன்.

அதன் பின் காலம் அவரைக் கடந்து போயிற்று. 1931-ல் அகோலாவில் இந்து மகாசபை மாநாட்டுக்குத் தலைமை வகித்தார். இளமையில் மதக் கலவர வழக்கில் சிக்கியவர் முதுமையில் அந்த மேடைக்குப் போனது எனக்கு வருத்தம்தான். ஆனால் அதை மறைத்துவிட்டு அவரை நினைவுகூர்வது நேர்மையாகாது. அவரிடம் இன்னொரு பக்கமும் இருந்தது. வைதிகக் குடும்பத்தில் பிறந்தும், பெண்ணுக்குப் பருவம் வந்த பிறகே கல்யாணம் என்றார். தகப்பன் சொத்தில் மகளுக்குப் பங்கு வேண்டும் என்றார். பரம்பரைக் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்குச் சம பங்கு என்று தமிழ்நாட்டில் சட்டம் வந்தது 1989-ல்.

1944 ஏப்ரல் 19-ல், 91 வயதில் காலமானார். காங்கிரஸ் தொடங்கிய காலத்தையும் 'வெள்ளையனே வெளியேறு' கிளர்ச்சியையும் ஒருசேரப் பார்த்த கண்கள். சுதந்திரம் வர இன்னும் மூன்றாண்டு இருந்தது. அரசியல் சட்டம் எழுத்தில் வர ஆறாண்டு. சேலத்தில் ஒரு நூலகமும் சொற்பொழிவு மண்டபமும் அவர் பெயரைப் பெற்றன. பள்ளிப் பிள்ளைகளுக்கு அந்தப் பெயரைச் சொல்லும் ஆசிரியர்கள் 100 ரூபாய் வழக்கையும் அந்தமான் கைதிகளையும் சேர்த்துச் சொல்லட்டும்.

அடுத்த வாரம் மோகனூர்: நாமக்கல் கவிஞர் என்று நாம் அறிந்த ஓவியர்.