உங்களுக்குத் தெரியுமா? – 74 பல்புகளும் ஒரு பேரண்டமும்

கேலக்ஸிகள் வானத்தில் சீராகத் தூவிக் கிடக்கவில்லை. கொத்துக் கொத்தாகவும் நீண்ட இழைகளாகவும் திரண்டு, நடுவே பிரம்மாண்டமான வெற்றிடங்களை விட்டுவைத்திருக்கின்றன. ஏன் இப்படி என்று அறிய, விஞ்ஞானிகள் போலியாக ஒரு பேரண்டத்தையே செய்து பார்க்கிறார்கள்.

● இதில் முன்னோடியான ஒருவரிடம் கணினியே கிடையாது! ஸ்வீடனின் லுண்ட் நகரில் இருந்த எரிக் ஹோல்ம்பெர்க், 1941-இல் கேலக்ஸிக்கு 37 வீதம் 74 மின்பல்புகளை வைத்து இரண்டு கேலக்ஸிகளை மேசைமேல் அமைத்தார். தூரம் இரட்டிப்பானால் ஒளி நாலில் ஒரு பங்காகும். ஈர்ப்பு விசைக்கும் அதே கணக்குதான். ஆகவே ஒரு பல்பைக் கழற்றி அங்கே ஒளிமின்கலத்தை வைப்பார். எந்தப் பக்கமிருந்து எவ்வளவு வெளிச்சம் வருகிறதென்று அளப்பார். அதுதான் அந்த இடத்தில் இழுவிசை. அதற்கேற்பப் பல்பை நகர்த்திவிட்டு அடுத்ததற்குப் போவார். எல்லாவற்றையும் முடித்ததும் மறுபடி முதலிலிருந்து! அருகே கடந்துபோகும் கேலக்ஸிகள் உருக்குலைந்து சுருள் கரங்கள் முளைப்பதை இப்படியே கண்டார். பின்னால் வந்த சூப்பர் கம்ப்யூட்டர்களைவிட இந்த மேசைதான் எனக்குப் பெரிய அதிசயம்.

● ஆரம்பத்தில் பேரண்டம் கிட்டத்தட்ட மேடுபள்ளமே இல்லாதது. இங்கும் அங்கும் இருந்த அடர்த்தி ஏற்றத்தாழ்வு லட்சத்தில் ஒரு பங்கு அளவுதான். 1992-இல் கோப் செயற்கைக்கோள் அதன் தடயத்தைக் கண்டுபிடித்துச் சொன்னது. அதைத் திரள்களாக வளர்க்கும் மீதி வேலையை ஈர்ப்பு விசை பார்த்துக்கொண்டது.

● கண்ணுக்குத் தெரியாமல் ஈர்ப்பால் மட்டும் தன்னைக் காட்டிக்கொள்ளும் கரும்பொருள், நியூட்ரினோ என்ற நுண்துகளாக இருக்கலாம் என்று பலர் நம்பிய காலம் உண்டு. 1983-இல் சைமன் வைட், கார்லோஸ் பிரெங்க், மார்க் டேவிஸ் மூவரும் அதைக் கணினியில் ஓட்டிப் பார்த்தார்கள். படுவேகமாக ஓடும் நியூட்ரினோக்கள் சிறு திரள்களைச் சேரவே விடவில்லை. வந்த படம் வானத்தில் அளந்த வரைபடத்தோடு ஒட்டவில்லை. நியூட்ரினோ அவுட்!

● கணினிப் பேரண்டத்தில் பொருளைத் துகள்களாகப் பிரித்து வைப்பார்கள். 1985-இல் இத்துறையின் புகழ்பெற்ற கணக்கீட்டில் இருந்தவை 32,768 துகள்கள். 2005-இல் வெளியான ‘மில்லினியம்’ கணக்கீட்டில் 1,000 கோடி! ஒவ்வொரு துகளும் 100 கோடிச் சூரியன்களுக்கு மேல் எடை. ஜெர்மனியின் கார்ஷிங்கில் கணினி சுமார் ஒரு மாதம் ஓடியது.

● இத்தனை துகள்களின் இழுவிசையை ஜோடி ஜோடியாகக் கணக்குப் போட்டால் ஆயுசு போதாது. ஜோஷ் பார்ன்ஸ், பீட் ஹட் இருவரும் 1986-இல் ஒரு குறுக்குவழி சொன்னார்கள்: தொலைவில் இருக்கும் கூட்டத்தை மொத்தமாக ஒரே துகளாக வைத்துக்கொள், பக்கத்தில் இருப்பவற்றை மட்டும் தனித்தனியே எண்ணு.

● கணினியில் மட்டுமல்ல, நிஜ வானத்திலும் இத்தகைய திரள்கள் உண்டு. புனேயின் ஐயூகா வானியல் மைய விஞ்ஞானிகள் உள்ளிட்ட குழு 2017-இல் அறிவித்த ‘சரஸ்வதி’ மாபெரும் கேலக்ஸித் திரள் 400 கோடி ஒளியாண்டுகளுக்கு அப்பால், மீன ராசித் திசையில் இருக்கிறது.

● இரை தேடி வலைபோலப் படரும் ‘ஸ்லைம் மோல்டு’ என்ற ஒருசெல் உயிரியும் கேலக்ஸிகளை இணைக்கும் இழைகளைத் தேடுவதில் கைகொடுத்திருக்கிறது. 2020-இல் கலிபோர்னியாவின் சாண்டா குரூஸ் பல்கலைக்கழகத்தினர் அது வளரும் விதத்தைக் கணினி நிரலாக்கி, 37,000 கேலக்ஸிகளை இரையாகப் போட்டார்கள். நிரல் பின்னிய இழைகளின் வழியே ஹைட்ரஜன் வாயுவின் அடையாளம் ஹப்பிள் பதிவுகளில் தெரிந்தது.

● ‘இல்லஸ்ட்ரிஸ் டிஎன்ஜி’ என்ற கணினிப் பேரண்டத்தின் தரவுகள் இணையத்தில் இலவசம். வீட்டில் இயற்பியல் படிக்கும் பிள்ளை இருந்தால் சொல்லிவையுங்கள். பெயரைப் பதிவு செய்தால் போதும்.