சபராளி கணக்கு வேறு, மாணவர் கணக்கு வேறு

அதிராம்பட்டினத்துக்கு வெளிநாட்டுப் பணம் புதிதல்ல. மலேசியா, சிங்கப்பூர், பிறகு வளைகுடா என்று தலைமுறை தலைமுறையாகப் பிழைப்புக்காகச் சபர் போனவர்கள் அனுப்பிய பணத்தில் எழுந்த தெருக்கள் இங்கே ஏராளம். மாதம் பிறந்தால் பணம் வரும். வந்ததைக் கடைக்கு இவ்வளவு, நகைச்சீட்டுக்கு இவ்வளவு, மகளுக்குக் கட்டும் வீட்டுக்கு இவ்வளவு என்று பிரிப்பதில் இந்த ஊர் உம்மாமார்களை மிஞ்ச ஆளில்லை.

இப்போது சில வீடுகளில் பணம் எதிர்த் திசையில் ஓடுகிறது. 1955-இல் காதிர் முகைதீன் கல்லூரி வந்த பிறகு ஊரிலேயே பட்டம் வாங்க முடிந்தது. அப்படிப் பட்டம் வாங்கிய வீடுகளின் அடுத்த தலைமுறை மேற்படிப்புக்கு லண்டன், பெர்லின், டொராண்டோ என்று கிளம்புகிறது. சபராளி போன மாதமே சம்பாதிக்கத் தொடங்குவார். மாணவர் போன மாதமே செலவழிக்கத் தொடங்குவார். இந்த வித்தியாசத்தை வீடு முழுசாக உணர்வதற்குள் முதல் செமஸ்டர் முடிந்துவிடுகிறது.

கல்லூரிக் கட்டணம், விசா, டிக்கெட் மூன்றையும் எல்லாரும் கூட்டிவிடுகிறார்கள், ஏனென்றால் அவற்றுக்கு ரசீது உண்டு. மாதச் செலவுக்கு ரசீது இல்லை. "அங்கே போய்ப் பார்ட் டைம் பார்த்துச் சமாளிச்சுக்குவான்" என்ற ஒரு வாக்கியத்தில் அது அடங்கிவிடுகிறது. குடும்பங்கள் சிக்குவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

பிரிட்டனை எடுத்துக்கொள்வோம். மாணவர் விசா கேட்பவர் கட்டணம் போக, வாழ்க்கைச் செலவுக்கென்று தனியாகப் பணம் காட்ட வேண்டும். 2025 நவம்பர் 11 முதல் அந்தத் தொகை லண்டனில் படிப்பவருக்கு மாதம் 1,529 பவுண்டு, மற்ற ஊர்களில் 1,171 பவுண்டு. அதிகபட்சம் 9 மாதத்துக்குக் காட்டினால் போதும்: லண்டனுக்கு 13,761, வெளியே 10,539. இந்தப் பணம் தொடர்ந்து 28 நாள் வங்கிக் கணக்கில் இருந்திருக்க வேண்டும்.

அந்த 28 நாளைத் தாண்டுவதற்காக மாமாவிடமும் மச்சானிடமும் கைமாற்று வாங்கிக் கணக்கில் போட்டு, விசா வந்ததும் திருப்பிக் கொடுப்பது பல ஊர்களில் நடக்கிறது. இதைச் செய்பவர்கள் அந்தத் தொகையை ஒரு தடைக்கல்லாகப் பார்க்கிறார்கள். என் பார்வையில் அது எச்சரிக்கைப் பலகை. ஓர் ஆள் சிக்கனமாக வாழ அந்த ஊரில் மாதம் இவ்வளவாவது வேண்டும் என்று அந்நாட்டு அரசே போட்ட கணக்கு அது. காட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்தால், பிள்ளை விமானம் ஏறும்போதே கணக்கில் அந்த அளவுக்குக் குழி விழுந்துவிட்டது.

இன்னொன்றும் இருக்கிறது, பலர் கண்ணில் படாதது. விசாவுக்குக் காட்டுவது 9 மாதப் பணம். பிரிட்டனில் முதுகலைப் படிப்பு பெரும்பாலும் 12 மாதம். மிச்சம் 3 மாதத்துக்கும் வாடகை உண்டு, சோறு உண்டு. அதே விகிதத்தில் பார்த்தால் லண்டனுக்கு வெளியே 3,513 பவுண்டு, லண்டனில் 4,587. தனியார் மாணவர் விடுதிகள் பலவற்றில் ஒப்பந்தமே 51 வாரத்துக்குப் போடுகிறார்கள். ஜூன் மாதத்தில் "இன்னும் பணம் வேணும்" என்று பிள்ளை கேட்டால் அது ஊதாரித்தனம் அல்ல. புறப்படும் முன்பே கூட்டியிருக்க வேண்டிய தொகை.

ஜெர்மனி இந்த மாதச் செலவை வேறு விதமாகக் கையாள்கிறது. "பிளாக்டு அக்கவுண்ட்" என்ற கணக்கில் ஓராண்டுக்கான 11,904 யூரோவை முன்கூட்டியே போட வேண்டும். அங்கே போன பிறகு மாதம் 992 யூரோ மட்டுமே கைக்கு வரும். மொத்தப் பணத்தையும் முதல் மூன்று மாதத்தில் கரைக்க வழியில்லை. கனடாவில் கியூபெக் தவிர மற்ற மாகாணங்களுக்கு 2025 செப்டம்பர் 1 முதல் கட்டணமும் பயணச் செலவும் போக 22,895 கனடிய டாலர் காட்ட வேண்டும். பிரிட்டன் போகிறவர்களுக்குப் பூட்டிவைக்க யாரும் இல்லை. வீடே பூட்ட வேண்டும். ஓராண்டுப் பணத்தை மொத்தமாக அனுப்பாமல், முதல் மாதத்துக்குக் கூடுதலாகவும் பிறகு மாதத்துக்கு ஒரு தடவையாகவும் அனுப்புவது நல்லது.

முதல் மாதம் ஏன் கூடுதல்? வாடகை முன்பணம், பாய் தலையணை முதல் பாத்திரம் வரை, குளிருக்கு உடுப்பு எல்லாம் அந்த மாதத்தில்தான். இங்கிலாந்தில் சாதாரண வாடகை வீட்டுக்கு ஐந்து வார வாடகைக்கு மேல் முன்பணம் கேட்கக் கூடாது என்று 2019-இல் சட்டம் வந்துவிட்டது. வீட்டைப் பார்க்காமல், அங்கிருக்கும் நம் ஊர் ஆள் ஒருவர் நேரில் போய்ப் பார்க்காமல், இணையத்தில் படம் பார்த்துப் பணம் அனுப்ப வேண்டாம். சொந்தக்காரர் வீட்டில் தங்கினால் வாடகை மிச்சம் என்பது சரிதான். ஒன்றை மட்டும் முன்பே பேசிக்கொள்ளுங்கள்: முழுநேர மாணவர்கள் மட்டும் இருக்கும் வீட்டுக்கு கவுன்சில் டாக்ஸ் இல்லை; வேலை பார்க்கும் ஒருவர் கூட இருந்தால் அந்த வீட்டுக்கு உண்டு. அதில் யார் பங்கு எவ்வளவு என்று பேசாமல் விட்டு, உறவு கசந்துபோவது உண்டு.

இனி அந்தப் பார்ட் டைம். பிரிட்டனில் பட்டப்படிப்பு மாணவர் படிப்புக் காலத்தில் வாரம் 20 மணி நேரம் வேலை பார்க்கலாம். 2025 ஏப்ரலில் 21 வயது நிரம்பியோருக்குக் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12.21 பவுண்டாக இருந்தது; முழுசாகக் கிடைத்தால் அந்தக் கணக்கில் வாரம் 244 பவுண்டு வரும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் முழுசாகக் கிடைப்பதில்லை. வேலை தேடவே இரண்டு மாதம் போகும், கிடைத்தாலும் வாரம் எட்டு மணி நேரம்தான் தருவார்கள், தேர்வு வந்தால் விட வேண்டிவரும். கோடை விடுமுறையில் முழுநேரம் பார்க்கலாம் என்று நினைத்துப் போகும் முதுகலை மாணவருக்கு, ஆய்வேடு எழுதும் அந்தக் கோடையும் பொதுவாகப் படிப்புக் காலம்தான். அப்போதும் 20 மணி நேரமே வரம்பு. இன்னொருவர் பெயரில் உள்ள கணக்கில் உணவு டெலிவரி ஓட்டுவது விசாவையே காவு வாங்கும். சுயதொழில் அங்கே மாணவருக்குத் தடை. கனடாவில் வரம்பு வாரம் 24 மணி நேரம், ஆஸ்திரேலியாவில் இரண்டு வாரத்துக்கு 48. எந்த நாடானாலும் கூலியை வரவுப் பக்கத்தில் எழுதாமல் திட்டம் போடுங்கள். வந்தால் கையில் நிற்கட்டும்.

நம் தஞ்சைச் சீமையிலிருந்து போன ஒரு மாணவரின் பவுண்டுக் கணக்கு பதிவாகியிருக்கிறது. சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் எழுத்தராக இருந்த கும்பகோணத்துக் கணித மேதை ராமானுஜன், 1914 மார்ச் 17-இல் நெவாசா கப்பலில் ஏறினார். சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு ஆண்டுக்கு 250 பவுண்டு உதவித்தொகை கொடுத்தது. பயணத்துக்கும் உடுப்புக்கும் தனி. அவர் சேர்ந்த கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரி 60 பவுண்டு சேர்த்தது. இதில் ஏறக்குறைய 50 பவுண்டு, மாதம் 60 ரூபாயாக, கும்பகோணத்து வீட்டுக்குப் போனது. ஆக அவர் கைக்கு ஆண்டுக்கு 260 பவுண்டு. எளிய மனிதரான அவருக்கு இது தாராளம் என்று அங்கே அவரோடு பணியாற்றிய கணிதவியலாளர் ஹார்டியே பதிந்திருக்கிறார்.

கவனியுங்கள், வீட்டுக்கு அனுப்பிய அந்தப் பணம் கப்பல் ஏறும் முன்பே உறுதியான உதவித்தொகையிலிருந்து பிரிக்கப்பட்டது. அங்கே போய்ச் சம்பாதித்து அனுப்புகிறேன் என்ற வாக்குறுதியில் அல்ல. இன்று படிக்கப் போகும் பிள்ளைகள் பலர் அந்த வாக்குறுதியைச் சுமந்துகொண்டுதான் ஏறுகிறார்கள்.

ராமானுஜன் காலத்தில் ஒரு பவுண்டு 15 ரூபாய், அதுவும் பல ஆண்டுகளாக அசையாத விலை. இன்று 100 ரூபாயைத் தாண்டிவிட்டது, தினமும் அசைகிறது. அதனால் செலவுக் கணக்கைப் பவுண்டிலேயே போடுங்கள். ரூபாயில் வைத்திருக்கும் தொகையில் விலை ஏறினால் ஈடுகட்டக் கொஞ்சம் கூடுதலாக ஒதுக்குங்கள்.

அவர் கதையில் இன்னொரு பக்கமும் உண்டு. சைவ உணவுக்காரரான அவர் தானே சமைத்துச் சாப்பிட்டார். போர்க்காலத்தில் காய்கறிக்கே திண்டாட்டம். 1917-இல் படுக்கையில் விழுந்தார். கையில் பணம் இருந்தும் ஒழுங்கான சாப்பாடு அமையவில்லை. நம் பிள்ளைகளுக்கு அரிசி விலையே தெரியாது. வயல் உள்ள வீடுகளில் சம்பா நெல் வீட்டுக்கே வந்துவிடும், மீன் காலையில் வாசலுக்கு வரும். போகும் முன் மூன்று மாதமாவது அடுப்படியில் நிற்க வையுங்கள், ஆண் பிள்ளையையும். சோறு, பருப்பு, ஒரு மீன் குழம்பு தெரிந்தவருக்கும் வெளியே வாங்கிச் சாப்பிடுபவருக்கும் மாதச் செலவில் வரும் வித்தியாசம் வேறெந்தச் சிக்கனத்திலும் வராது.

கடன் விஷயத்தில் இந்த ஊருக்கென்று தனிச் சிக்கல் உண்டு. வெளிநாட்டுப் படிப்புக்குப் பெரிய தொகை கேட்டால் பொதுத்துறை வங்கிகள் பெரும்பாலும் 7.5 லட்சத்துக்கு மேல் சொத்துப் பிணை கேட்கின்றன. இங்கே வீடு மகளுக்கு என்று மனதில் எழுதிவைத்த சொத்து. மகன் படிப்புக்கு அதைப் பிணை வைக்க எந்த வாப்பாவுக்கும் கை வராது. தென்னந்தோப்பை வைக்கலாமென்றால், 2018 நவம்பர் கஜா புயலில் விழுந்த மரங்களுக்குப் பதிலாக நட்டவை எல்லாம் இன்னும் முழுக் காய்ப்புக்கு வந்துவிடவில்லை. வட்டி கூடாது என்று ஒதுங்கும் குடும்பங்கள் நகையை வைத்து, சில ஊர்களில் பைத்துல்மால் என்ற பொது நிதியங்கள் தரும் வட்டியில்லா நகைக்கடன் வாங்குகிறார்கள். அது உதவும், ஆனால் ஓராண்டு லண்டன் செலவுக்குப் போதாது. சிறுபான்மை மாணவரின் வெளிநாட்டுப் படிப்புக் கடனுக்கு வட்டி மானியம் தந்துவந்த மத்திய அரசின் 'படோ பர்தேஷ்' திட்டம் 2022-23-இல் நிறுத்தப்பட்டது. அந்த இழப்பு இந்த மாதிரி ஊர்களில்தான் அதிகம் வலிக்கிறது. அதை மீண்டும் கொண்டுவர வேண்டும்.

பணம் அனுப்பும்போது ஒரு சலுகையைத் தவறவிடாதீர்கள். 2025 ஏப்ரல் முதல், ஒரு நிதியாண்டில் 10 லட்சம் ரூபாய் வரை வெளிநாட்டுக்கு அனுப்பினால் டி.சி.எஸ். என்ற வரிப் பிடித்தம் கிடையாது. வங்கிக் கல்விக் கடனிலிருந்து போகும் கல்விப் பணத்துக்கு எத்தனை லட்சமானாலும் இல்லை. பிடித்தம் ஆனாலும் வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்து திரும்பப் பெறலாம்.

கடைசியாக அந்த வாட்ஸ்அப் அழைப்பு. உம்மா கேட்கும் முதல் கேள்வி "சாப்பிட்டியா?" என்பதுதான். அதற்கு எந்தப் பிள்ளையும் "சாப்பிட்டேன்" என்றுதான் சொல்லும், வயிறு காய்ந்தாலும். ஊரில் வளையல் அடகுக்குப் போனதை உம்மாவும் சொல்வதில்லை. மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் பிறகு, வாப்பாவோ மூத்த காக்காவோ நோட்டோடு உட்கார்ந்து வேறு மூன்று கேள்வி கேளுங்கள்: "இந்த மாச வாடகை கட்டியாச்சா? கையிலே இருக்கிறது எத்தனை வாரத்துக்கு வரும்? அடுத்து எந்தத் தேதிக்குள்ளே அனுப்பணும்?" வீட்டில் இருப்பது எவ்வளவு என்பதையும் அதே அழைப்பில் பிள்ளைக்குச் சொல்லிவிடுங்கள்.