இரண்டு பிளக், பன்னிரண்டு ஆண்டு
(அறிவுச் சொத்து – 9)

காப்புரிமையை எப்படி வாங்குவது என்று சென்ற வாரம் பார்த்தோம். வாங்கியதைக் காப்பாற்ற நீதிமன்றம் போனால் என்ன நடக்கும்? பஜாஜ் – டி.வி.எஸ். வழக்கைப் பாருங்கள்.

2007 டிசம்பரில் டி.வி.எஸ். 'ஃபிளேம்' என்ற 125 சி.சி. பைக்கை அறிமுகம் செய்தது. சிலிண்டர் ஒன்றுதான், ஆனால் அதில் ஸ்பார்க் பிளக் இரண்டு. சின்ன இன்ஜினில் இரண்டு பிளக் வைக்கும் உத்திக்கு பஜாஜ் 2002-லேயே விண்ணப்பித்து, 2005-ல் காப்புரிமையும் வாங்கியிருந்தது. வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. 'எங்களுடையது மூன்று வால்வு இன்ஜின், அமைப்பே வேறு' என்று வாதாடியது டி.வி.எஸ். 2008 பிப்ரவரியில் தனி நீதிபதி இடைக்காலத் தடை விதிக்க, ஃபிளேம் ஒற்றைப் பிளக்கோடு விற்பனைக்கு வந்தது. மறு ஆண்டு மே மாதம் டிவிஷன் பெஞ்ச் அந்தத் தடையை நீக்கியது. செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், இப்படிப்பட்ட வழக்குகளைத் தினந்தோறும் விசாரித்து நான்கு மாதத்துக்குள் தீர்ப்பளிக்க வேண்டும் என்றது. ஆனால் வழக்கு முடிந்தது 2019-ல், அதுவும் சமரசத்தில். காப்புரிமைக்கு ஆயுளே விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுதான்!

நீதிபதிகளைக் குறை சொல்லிப் பயனில்லை. பாகப்பிரிவினை வழக்கைக் கேட்டு முடித்த கையோடு எரியறையின் வரைபடத்தைப் பிரித்துப் பார் என்றால் யாருக்குத்தான் சுலபம்? நிபுணர்களும் அமர்ந்து விசாரிக்கட்டும் என்றுதான் 2003-ல் சென்னையைத் தலைமையிடமாக வைத்து அறிவுசார் சொத்து மேல்முறையீட்டு வாரியம் வந்தது. அங்கே தொழில்நுட்ப உறுப்பினர் நாற்காலி ஆண்டுக்கணக்கில் காலியாகக் கிடந்தது. 2021 ஏப்ரலில் வாரியத்தையே கலைத்துவிட்டார்கள். குவிந்திருந்த வழக்குகள் உயர் நீதிமன்றங்களின் தலையில் விழுந்தன. அந்த ஜூலையிலேயே டெல்லி உயர் நீதிமன்றம் தனிப் பிரிவு தொடங்கியது. சென்னையின் தனிப் பிரிவுக்கான விதிகள் 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தன.

இதில் எனக்குப் பெரிய மகிழ்ச்சி ஒன்று உண்டு. முன்பெல்லாம் ஒரே டிரேட்மார்க்குக்கு மீறல் வழக்கு உயர் நீதிமன்றத்தில் நடக்கும், அந்தப் பதிவை ரத்து செய்யக் கோரும் மனு வாரியத்தில் நடக்கும். கட்சிக்காரர் இரண்டு இடத்துக்கும் அலைய வேண்டும். இப்போது இரண்டும் ஒரே பிரிவின் கீழ். கிண்டி காப்புரிமை அலுவலகம் நிராகரித்த விண்ணப்பங்களின் மேல்முறையீடும் அங்கேதான். 'வெறும் கணினி நிரலுக்குக் காப்புரிமை இல்லை' என்கிறது சட்டம். வெறும் நிரல் எது, இயந்திரத்தின் வேலையையே மேம்படுத்தும் நிரல் எது என்று பிரித்துச் சொல்ல, இத்தகைய வழக்குகளைத் தொடர்ந்து கேட்ட காது வேண்டும்.

என் கவலை அந்தத் தொடர்ச்சியைப் பற்றித்தான். எந்த நீதிபதிக்கு எந்த வழக்குகள் என்ற ரோஸ்டரைத் தலைமை நீதிபதி அவ்வப்போது மாற்றுவார். பழகிய நீதிபதி ஜாமீன் மனுக்களுக்குப் போய்விட்டால், புதியவரிடம் வழக்கறிஞர் வால்விலிருந்து மறுபடி ஆரம்பிக்க வேண்டியதுதான். இந்தப் பிரிவில் அமரும் நீதிபதிகளைக் குறைந்தது இரண்டு ஆண்டாவது மாற்றாமல் வைத்திருக்க வேண்டும். இதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை. தலைமை நீதிபதி நினைத்தால் போதும்.

(தொடரும்)