35 வயதில் நான்கு தங்கம்

1956 மெல்பர்ன் ஒலிம்பிக்கில் ஹங்கேரியின் ஆக்னஸ் கெலெட்டி ஜிம்னாஸ்டிக்ஸில் நான்கு தங்கம் வென்றார். அப்போது அவருக்கு வயது 35. ஜிம்னாஸ்டிக்ஸ் என்றதுமே ஒடிசலான பள்ளிச் சிறுமிகளை நினைத்துக்கொள்ளும் நமக்கு இது ஆச்சரியமாக இருக்கலாம். அந்தக் காலத்தில் அது பெண்களின் விளையாட்டாக இருந்தது. சிறுமிகளின் விளையாட்டாக ஆனது பிறகுதான்.

புடாபெஸ்டில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர் கெலெட்டி. அவர் இளமையோடு இருந்த 1940, 1944 ஒலிம்பிக்குகளைப் போர் விழுங்கிவிட்டது. போலிச் சான்றிதழ்களோடு, பெயரை மாற்றிக்கொண்டு, வீட்டு வேலைக்காரியாக ஒளிந்து உயிர் பிழைத்தார். தந்தையை ஆஷ்விட்ஸ் வதைமுகாமில் இழந்தார். 1948 லண்டனுக்குப் போயும் கணுக்கால் காயத்தால் களமிறங்க முடியவில்லை. முதல் தங்கம் கிடைத்தபோது வயது 31. மெல்பர்ன் போட்டி நடந்த ஆண்டில் சோவியத் டாங்கிகள் ஹங்கேரிக்குள் புகுந்துவிட, அவர் அப்போது நாடு திரும்பவில்லை. இஸ்ரேலில் குடியேறிப் பலருக்குப் பயிற்சியளித்தார். 2025 ஜனவரியில், 104 வயதை எட்ட ஒரு வாரம் இருக்கையில் காலமானார்.

கெலெட்டி மட்டும் விதிவிலக்கல்ல. சோவியத்தின் லாரிசா லத்தினினா 1958 உலகப் போட்டியில் வயிற்றில் குழந்தையோடு ஐந்து தங்கம் வென்றவர்.

பிறகுதான் காட்சி மாறியது. 1972 மியூனிக்கில் 17 வயது ஓல்கா கோர்புட் உலகைக் கவர்ந்தார். 1976 மாண்ட்ரியலில் 14 வயது நாடியா கொமனெச்சி முழுமையான 10 புள்ளிகளை ஏழு முறை பெற்றார். அவருடைய திறமையில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை. ஆனால் அதிலிருந்து பயிற்சியாளர்கள் எடுத்துக்கொண்ட பாடம்தான் கொடுமையானது. சின்ன உடல் காற்றில் எளிதாகச் சுழலும். எதிர்த்துப் பேசவும் தெரியாது. எனவே பருவமடைவதற்கு முன்பே பதக்கம் வாங்கிவிட வேண்டும் என்றானது. குறைந்தபட்ச வயது 15 ஆகவும், 1997 முதல் 16 ஆகவும் உயர்த்தப்பட்டது. உடனே வயதைத் திருத்தி எழுதும் மோசடியும் வந்தது. 2000 சிட்னியில் சீன அணி பெற்ற வெண்கலம், ஒரு வீராங்கனைக்கு அப்போது வயது 14தான் என்று தெரியவந்ததால் 2010இல் பறிக்கப்பட்டது.

இந்த அவசரத்தின் விலையை எலேனா முகினா கொடுத்தார். 1978 உலக சாம்பியன். கால் எலும்பு முறிந்து முழுதாகக் குணமாகும் முன்பே பயிற்சிக்கு இழுக்கப்பட்டார். மாஸ்கோ ஒலிம்பிக்குக்கு இரண்டு வாரம் இருக்கையில், ஆண்கள் செய்துவந்த ஆபத்தான 'தாமஸ் சால்டோ'வைப் பயிலும்போது முகம் குப்புற விழுந்து கழுத்தெலும்பு முறிந்தது. அப்போது வயது 20. அதன்பின் 26 ஆண்டுகள் கைகால் அசையாமல் வாழ்ந்து 2006இல் மறைந்தார்.

அதே 2006இல் பழைய 10 புள்ளி முறை கைவிடப்பட்டது. கடினத்துக்கு உச்சவரம்பு இல்லாத மதிப்பெண் வந்தது. தசை வலு உள்ள, முதிர்ந்த உடலுக்கும் அது கைகொடுத்தது. உஸ்பெகிஸ்தானின் ஒக்சானா சுசோவிட்டினா, ரத்தப் புற்றுநோய் கண்ட மகனின் சிகிச்சைக்காக ஜெர்மனிக்குப் போய், அந்த நாட்டுக்காக 2008இல் 33 வயதில் வால்ட்டில் வெள்ளி வென்றார். நம் தீபா கர்மாகர் 2024 ஆசிய சாம்பியன்ஷிப்பில் தங்கம் வென்றது 30 வயதில். அதே ஆண்டு பாரிஸில் 27 வயது சிமோன் பைல்ஸ், ஒட்டுமொத்தப் பிரிவில் 72 ஆண்டுகளில் மிக மூத்த சாம்பியன் ஆனார். டோக்கியோவில் காற்றில் உடலின் திசையுணர்வு தப்பியபோது விலகிக்கொண்டாரே, அந்த முடிவை எடுக்கும் தைரியம் 14 வயதுக் குழந்தைக்கு வந்திருக்காது.

பனிச்சறுக்கு நடனத்தில் குறைந்தபட்ச வயதை 15இலிருந்து 17க்கு உயர்த்த 2022இல் முடிவெடுத்தார்கள். பெண்கள் ஜிம்னாஸ்டிக்ஸ் இன்னும் 16லேயே நிற்கிறது. சர்வதேச சம்மேளனம் இதை 18 ஆக்க வேண்டும். அடுத்த ஒலிம்பிக்குக்கு முன்பே ஆக்க வேண்டும்.