நடுகல் ஆவணமாக்கத்தில் வரைகலை அட்டையும் ஒருங்கிணைந்த வரைகலையும்: தேனி மாவட்ட நடுகற்களை முன்வைத்து ஓர் ஒப்பீடு

ஆய்வுச்சுருக்கம்

கல்வெட்டுகளை முப்பரிமாண உருவாக மாற்றும் பணியில், தனி வரைகலை அட்டை பொருத்திய மேசைக்கணினியும் ஒருங்கிணைந்த வரைகலை மட்டும் உடைய மடிக்கணினியும் எக்கட்டத்தில் வேறுபடுகின்றன என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. இரண்டையும் போட்டிக் கருவிகளாகக் கொள்ளாமல், களத்திற்கும் துறைக்கும் உரிய வேலைப் பகுப்பாகக் கொள்வதே பொருத்தம் என நிறுவுகிறது.

திறவுச்சொற்கள்: நடுகல், புலிமான்கோம்பை, ஒளிப்பட அளவியல், வரைகலை அட்டை, மடிக்கணினி.

முன்னுரை

தேனி மாவட்டம் ஆண்டிபட்டி வட்டத்தில், வைகைக் கரையில் உள்ள புலிமான்கோம்பையில் 2006ஆம் ஆண்டு தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தமிழி எழுத்துப் பொறித்த மூன்று நடுகற்களைக் கண்டறிந்தனர். அவற்றுள் ஒன்று கூடலூரில் நிகழ்ந்த ஆகோளைக் குறிப்பிடுகிறது. கம்பம் பள்ளத்தாக்கின் இன்றைய கூடலூரே அது எனக் கருதுவோர் உண்டு. தொல்காப்பியம் வெட்சித்திணையில் கூறும் ‘ஆகோள்’ என்னும் சொல் கல்லிலும் காணப்படுவதால், இத்தகைய கற்களின் ஒவ்வோர் எழுத்தும் இலக்கிய ஆய்வுக்குச் சான்றாகிறது.

மைப்படி எடுக்கையில் ஈரத்தாளைக் கல்மீது ஒற்றித் தூரிகையால் தட்டுவர். சிதைந்த பரப்பிற்கு இது ஊறு விளைவிக்கக்கூடும். கல்லைத் தொடாமல் ஒளிப்படங்களைக் கொண்டே வடிவத்தை மீட்பது ஒளிப்பட அளவியல். இதற்குரிய கணினி எது என்பதே இங்கு எழும் வினா.

கணக்கீட்டின் இயல்பு

ஒளிப்பட அளவியல் இரு கட்டங்களில் நிகழ்கிறது. முதற்கட்டத்தில் பல படங்களுக்குப் பொதுவான புள்ளிகளைக் கண்டு, கேமரா நின்ற இடங்களை மென்பொருள் கணிக்கிறது. இரண்டாம் கட்டத்தில் படத்தின் ஒவ்வொரு படப்புள்ளிக்கும் ஆழத்தைக் கணித்து அடர்ந்த உருவை அமைக்கிறது. 2.4 கோடிப் படப்புள்ளிகள் கொண்ட 100 படங்கள் எனில் 240 கோடிப் புள்ளிகள். ஒவ்வொன்றுக்கும் பல ஆழங்களைச் சோதித்தல் வேண்டும். ஒரே வகைக் கணக்கு திரும்பத் திரும்ப நிகழ்வதால், பல்லாயிரம் கணக்குகளை ஒருசேரச் செய்யும் வரைகலைச் செயலிக்கு இக்கட்டம் இயல்பாகப் பொருந்துகிறது.

இரு கருவிகளின் வேறுபாடு

சான்றாக, என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 3060 மேசைக்கணினி அட்டை 3,584 கணக்கீட்டு அலகுகளும் 12 ஜிபி தனி நினைவகமும் உடையது. அந்நினைவகத்திலிருந்து நொடிக்கு 360 ஜிபி வரை தரவு பெறலாம். அட்டை மட்டும் 170 வாட் மின்சாரம் வரை கொள்ளும்.

மடிக்கணினியின் ஒருங்கிணைந்த வரைகலை மையச் செயலியுடன் ஒரே சில்லில் அமைந்து, கணினியின் பொது நினைவகத்தையே பகிர்ந்துகொள்கிறது. டிடிஆர்4-3200 வகை நினைவகம் இரட்டைத்தடத்தில் நொடிக்கு 51.2 ஜிபி தருகிறது. அட்டையோடு ஒப்பிட ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு. ஒரே நினைவகப் பலகை பொருத்தப்பட்டிருப்பின் அது 25.6 ஜிபியாகக் குறையும். ஆகவே மடிக்கணினி வாங்குவோர் நினைவகத்தின் கொள்ளளவை மட்டுமன்றி, அது இரட்டைத்தடத்தில் இயங்குகிறதா என்பதையும் நோக்குதல் வேண்டும்.

மென்பொருளும் ஒரு வரம்பு விதிக்கிறது. மெஷ்ரூம், கோல்மேப் ஆகிய கட்டற்ற மென்பொருள்கள் அடர்ந்த உருவை முழுமையாக அமைக்க என்விடியாவின் கூடா வசதியுள்ள அட்டையை வேண்டுகின்றன. அவ்வட்டை இல்லாத மடிக்கணினியில் அக்கட்டம் மெதுவாக நடப்பதில்லை, நடப்பதே இல்லை. வணிக மென்பொருளான மெட்டாஷேப் மையச் செயலியைக் கொண்டும் இயங்கும். ஆயினும் நேரம் மிகும்.

களத்தில் மடிக்கணினியின் இடம்

ஆற்றங்கரையிலோ மலையடிவாரத்திலோ மின் இணைப்பின்றி இயங்கவல்லது மடிக்கணினியே. முதற்கட்டக் கணக்கை மையச் செயலியே செய்துவிடும். படங்களின் நீள அகலங்களைப் பாதியாக்கினால் படப்புள்ளிகள் கால்பங்காகும். வேலையும் பெரிதும் குறையும். எப்பக்கத்தில் படம் விடுபட்டது என்பதைக் கல்லின் அருகிலேயே அறிந்து மீண்டும் எடுக்கலாம். ஊர் திரும்பிய பின் அறிந்தால் மறுபயணம் வேண்டும்; அதற்குள் கல் இடம்பெயர்ந்தோ சிதைந்தோ போகவும் கூடும். ஆயின் சுருக்கிய படங்களைக் கொண்டு எழுத்தைப் படித்தல் கூடாது. ஆழமற்ற கீறல்கள் அவற்றில் மறைந்துவிடும்.

அட்டை இல்லாதோருக்கும் வழியுண்டு. கேமராவை நிலையாக வைத்து, ஒளியை மட்டும் பல திசைகளிலிருந்து பாய்ச்சிப் படமெடுக்கும் முறைக்கு எச்.பி. ஆய்வகத்தின் டாம் மால்ஸ்பெண்டர் குழு 2001இல் அடித்தளமிட்டது. அதன் கணக்கு எளியது, மடிக்கணினியே போதும். கல்லின் முழு வடிவத்தை அது தராது; மங்கிய எழுத்தின் கோட்டைத் தெளிவாகக் காட்டும்.

முடிவுரை

1. உரைத்தரவு, சொல்லடைவு, தட்டச்சு ஆகிய பணிகளுக்குத் தனி அட்டை தேவையில்லை.

2. களச் சரிபார்ப்புக்கு இரட்டைத்தட நினைவகம் உடைய மடிக்கணினி ஏற்றது.

3. முழு நுணுக்கமுள்ள முப்பரிமாண உருவுக்கு அட்டை பொருத்திய மேசைக்கணினி வேண்டும். ஆய்வாளர்தோறும் ஒன்று வாங்குவதினும், துறைக்கு ஒன்று அமைத்துப் பகிர்வது சிக்கனம்.

4. கணினி பின்னர் மேம்படலாம். களத்தில் எடுக்காத படத்தைப் பின்னர் பெறுதல் அரிது. எனவே நிதி குறைவாயின் முதலிடம் நல்ல ஒளிப்படங்களுக்கே உரியது. சுருக்காத மூலப்படங்களைப் பேணினால், இன்று அமைக்க இயலாத உருவை நாளை அமைத்துக்கொள்ளலாம்.