காற்றைப் பாட வைக்கும் கருவி

மாட்டுங்கா லேபர் கேம்ப் பகுதியில் வளரும் தமிழ்க் குழந்தைகளுக்கு ஆர்மோனியம் புதிய கருவி அன்று. கோவில் பஜனையிலும் கிறித்தவ ஆலயப் பாடல்களிலும் அதன் ஒலியைக் கேட்கலாம். வாசிப்பவர் ஒரு கையால் துருத்தியை அசைக்கிறார். மறு கையால் கட்டைகளை அழுத்துகிறார். துருத்தியிலிருந்து வரும் காற்று, ரீடு எனப்படும் மெல்லிய உலோகத் தகடுகளை அதிரச் செய்கிறது. அந்த அதிர்வே இசையாகிறது. பாடகரின் சுருதியை ‘ஐந்து கட்டை’ என்றும் ‘நான்கரைக் கட்டை’ என்றும் குறிக்கும் வழக்கம், ஆர்மோனியத்தின் கட்டைகளை ஒட்டிப் பிறந்ததே ஆகும்.

ஆர்மோனியத்திற்கு மூத்த உறவான கருவி ஒன்று உண்டு. அதுவே குழல் ஆர்கன்.

எழும்பூர் ஆலயத்து ஆர்கன்

சென்னை எழும்பூரில், பூந்தமல்லி நெடுஞ்சாலையருகே தூய அந்திரேயா ஆலயம் உள்ளது. ஸ்காட்லாந்து நாட்டவர் தம் வழிபாட்டிற்காக இதனை எழுப்பினர். 1818ஆம் ஆண்டு தொடங்கிய கட்டுமானம் 1821ஆம் ஆண்டு நிறைவுற்றது. நிலம் உறுதியற்றதாக இருந்ததால், செங்கல் கிணறுகளை இறக்கி அவற்றின் மேல் அடித்தளம் அமைத்தனர். ஆலயத்தின் உள்ளே 16 தூண்கள் நீலநிறக் குவிமாடத்தைத் தாங்கி நிற்கின்றன.

பீடத்திற்கு மேலே பச்சையும் பொன்னிறமும் பூசப்பெற்ற குழல்கள் வரிசையாக நிற்கின்றன. அவை இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பகுதியில் செய்யப்பட்ட ஆர்கனின் குழல்கள். இக்கருவி 1883ஆம் ஆண்டு இவ்வாலயத்தில் நிறுவப்பட்டது.

ஒலி பிறக்கும் விதம்

ஆர்கனில் காற்று முதலில் ஒரு பெரிய பெட்டியில் அடைக்கப்படுகிறது. அப்பெட்டியின் மேல் குழல்கள் நிறுத்தப்பட்டுள்ளன. கலைஞர் ஒரு கட்டையை அழுத்தியதும் அதற்குரிய குழலின் அடைப்பு திறக்கிறது, காற்று உள்ளே பாய்கிறது, குழல் ஒலிக்கிறது.

குழலின் நீளமே சுருதியை முடிவு செய்கிறது. நாகசுரத்தில் குட்டையான திமிரி உயர்ந்த சுருதியில் ஒலிக்கும். நீண்ட பாரி தாழ்ந்த சுருதியில் ஒலிக்கும். ஆர்கனிலும் அவ்வாறே. 8 அடி நீளமுள்ள குழலின் ஒலியைவிட, அதே வகையைச் சேர்ந்த 4 அடிக் குழலின் ஒலி ஒரு ஸ்தாயி உயர்ந்திருக்கும். சில குழல்கள் மரத்தாலும் சில உலோகத்தாலும் ஆனவை. எந்தக் குழல் வரிசை ஒலிக்க வேண்டும் என்பதைக் கலைஞர் தம் அருகிலுள்ள குமிழ்களை இழுத்துத் தேர்ந்தெடுப்பார். ஒரு வரிசை புல்லாங்குழலைப் போல மென்மையாகவும் மற்றொன்று எக்காளத்தைப் போல முழக்கமாகவும் ஒலிக்கும்.

கையும் காலும் இசைக்கும் கலைஞர்

ஆர்கன் கலைஞருக்கு இரண்டு கைகள் போதா. தாழ்ந்த சுரங்களுக்கான நீண்ட கட்டைகளை அவர் கால்களால் மிதிக்க வேண்டும். பியானோவில் ஓங்கி அழுத்தினால் ஒலி பெருகும். ஆர்கனில் எவ்வளவு வலிமையாக அழுத்தினாலும் ஒலியின் அளவு மாறாது. கட்டையிலிருந்து விரலை எடுக்கும் வரை சுரம் தளராமல் நீளும். ஆகவே, எப்போது அழுத்துவது என்பதைப் போலவே எப்போது விடுவது என்பதும் கலைஞர் கற்க வேண்டிய பாடம்.

இவ்வாலயத்தின் ஆர்கனைப் பல்லாண்டுகள் வாசித்தவர் ஹேண்டல் மானுவேல் என்னும் இசைக்கலைஞர். அவர் பாடகர் குழுவையும் பயிற்றுவித்தார். சென்னை வானொலியின் மேனாட்டு இசைப் பிரிவிலும் பணியாற்றினார். ஜெர்மனியில் 1685ஆம் ஆண்டு பிறந்த புகழ்பெற்ற இசையமைப்பாளர் ஒருவரின் பெயரும் ஹேண்டல் என்பதே. அவரும் ஓர் ஆர்கன் கலைஞரே.

கண்ணுக்குத் தெரியாத உழைப்பு

ஆர்கன் இசையில் அவையோர் காணாத உழைப்பும் கலந்துள்ளது. மின்சாரம் இல்லாத காலத்தில், கருவியின் பின்புறம் நின்று ஒருவர் துருத்தியை இயக்கிக்கொண்டே இருப்பது வழக்கம். அவர் கை ஓய்ந்தால் காற்று குறையும். காற்று குறைந்தால் இசையும் நின்றுவிடும். பாடல் முடிந்ததும் பாராட்டு முன்னிருந்து வாசித்தவருக்கே சென்றது. பின்னின்று உழைத்தவரின் பெயரைப் பலரும் கேட்டதில்லை. இன்று மின்விசிறி அவ்வேலையைச் செய்கிறது.

எனினும் ஆர்கனுக்கு மனிதரின் கவனிப்பு இன்றும் தேவை. மழைக்காலத்தில் மரம் உப்பும், கோடையில் தோல் உலர்ந்து வெடிக்கும், கறையான் அரிக்கும், வெப்பம் மாறினால் சுருதியும் மாறும். பழுது பார்க்கும் தொழிலை அறிந்தவர் நம் நாட்டில் மிகச் சிலரே. வாசிக்கக் கற்பவரும் சிலரே. கற்பவர் இல்லையெனில், எத்தனை அழகிய குழல்கள் இருந்தாலும் அவை வெறும் அலங்காரமாகவே நிற்கும்.

ஒரு கருவியைச் செய்தவர், அதற்குக் காற்று ஊட்டியவர், பழுது நீக்கியவர், வாசித்தவர் ஆகிய அனைவரும் சேர்ந்தே இசையை உருவாக்குகின்றனர்.

சொற்பொருள்

துருத்தி – காற்றை ஊதும் தோல் பை
ஸ்தாயி – ஏழு சுரங்கள் அடங்கிய ஒலிநிலை
எக்காளம் – ஊதி முழக்கும் நீண்ட கருவி
பீடம் – ஆலயத்தில் வழிபாடு நடத்தும் மேடை

பயிற்சி

அ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. ஆர்மோனியத்திலும் ஆர்கனிலும் ஒலி எவ்வாறு பிறக்கிறது? வேறுபாட்டை எழுதுக.
2. திமிரி, பாரி ஆகியவற்றின் ஒலி வேறுபடக் காரணம் யாது?

ஆ. எதிர்ச்சொல் எழுதுக.
உயர்ந்த, மென்மை, முன்புறம்

இ. உன் பகுதியில் ஆர்மோனியமோ வேறு இசைக்கருவியோ வாசிப்பவர் ஒருவரைச் சந்தித்து, அவர் அதனை எவ்வாறு கற்றார் என்பதைப் பத்து வரிகளில் எழுதுக.