மாடிக்குக் கைப்பிடிச்சுவர்

உபாகமத்தின் இருபத்திரண்டாம் அதிகாரத்தில், வழிதப்பிய மாட்டையும் பறவைக் கூட்டையும் பற்றிய கட்டளைகளுக்கிடையே சிறியதொரு கட்டளை காணப்படுகிறது. புதுவீடு கட்டுகிறவன் அதன் மாடிக்குக் கைப்பிடிச்சுவர் எழுப்ப வேண்டும். எழுப்பாமல் விட்டு ஒருவன் விழுந்து மடிந்தால், இரத்தப்பழி வீட்டுக்காரனைச் சேரும். விழுந்தவன் எதற்காக மாடி ஏறினான், உறங்கவோ, திருடவோ, குடிவெறியிலோ என்று அக்கட்டளை வினவவில்லை. இதைப் பிரசங்க வாக்கியமாக எடுத்தாண்ட போதகர்கள் அரியர். நாமும் பல்லாண்டுகள் எடுத்ததில்லை. ஆயினும் எச்.ஐ.வி. தடுப்புப் பணியில் ‘தீங்கு குறைத்தல்’ என வழங்கும் கோட்பாட்டைக் குருமார் விளங்கிக்கொள்வதற்கு இதனினும் ஏற்ற வாசல் நமக்குத் தென்படவில்லை.

தீங்கு குறைத்தல் என்பது யாது? ஆபத்தான ஒரு வழக்கத்தை ஒருவரால் இன்றே விட்டுவிட இயலாதபோது, அதனால் விளையும் நோயையும் சாவையும் முதலில் தடுப்பதாகும். போதை மருந்தை ஊசியால் ஏற்றிக்கொள்வோர் ஒரே ஊசியை மாற்றி மாற்றிப் பயன்படுத்துகையில், அதனுள் தங்கும் சிறிதளவு இரத்தம் கிருமியை அடுத்தவருக்குக் கொண்டுசெல்கிறது. பழைய ஊசியைப் பெற்றுக்கொண்டு புதியதைக் கொடுத்தால் அவ்வழி அடைபடும். நாவின்கீழ் வைக்கும் பியூப்ரினார்பின் மாத்திரையை மேற்பார்வையில் நாள்தோறும் அளித்துவந்தால், ஊசியின் தேவையே அற்றுப்போகவும் கூடும். ஆணுறையும் இவ்வகையினதே. மணிப்பூரின் சுராசந்த்பூரில் 1995ஆம் ஆண்டு ஊசி மாற்றுப் பணியைத் தொடங்கியது ஷாலோம் என்னும் கிறிஸ்தவப் பணித்திட்டம் என்பது நம் மாணவர்கள் அறியவேண்டிய செய்தி.

இது பாவத்திற்கு உடந்தையாவதன்றோ எனச் சிலர் வினவுவர். எளிதில் தள்ளத்தக்க வினா அன்று இது. ஆனால் அதனுள் ஓர் அனுமானம் மறைந்திருக்கிறது: புது ஊசி கிடைக்காவிடில் அவர் ஊசியையே விட்டுவிடுவார் என்பதே அது. அவ்வாறு நிகழ்வதில்லை. பழைய ஊசியையே எடுப்பார். நோய் அவர் மனைவியையும், பின்னர் அவள் கருவிலுள்ள குழந்தையையும் சென்றடையும். சிகிச்சை இல்லையெனில் தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்றும் வாய்ப்பு நூற்றுக்கு 15 முதல் 45 வரை. மருந்து உண்டெனில் 5க்கும் கீழ். மனந்திரும்பும்படி நாம் அழைக்கும் ஆள் உயிரோடிருந்தாலன்றி நம் அழைப்பு எவர் செவியில் விழும்?

நம் மாநிலத்து வரலாறே இவ்வகையில் ஒரு பாடம். 1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமோனின் வழிகாட்டுதலில் ஆய்வு செய்த இளம் மருத்துவர் செல்லப்பன் நிர்மலா, காப்பு இல்லத்தில் வைக்கப்பட்டிருந்த பாலியல் தொழிலாளரான பெண்களிடம் இரத்தம் சேகரித்தார். சென்னையில் பரிசோதனை வசதி இல்லை. மாதிரிகளைத் தம் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியில் வைத்திருந்து, இரயிலேறி வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுசென்றார். அவற்றுள் ஆறில் கிருமியின் அடையாளம் தென்பட்டது. இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதல் கண்டறியப்பட்டது அவ்வாறே.

பின்னர் நடந்ததைத்தான் நாம் ஊன்றி நோக்கவேண்டும். கிருமி காணப்பட்ட பெண்கள், காவற்காலம் முடிந்த பின்னரும் அடைத்து வைக்கப்பட்டனர். பத்திரிகையாளர் சியாமளா நடராஜ் வழக்குத் தொடுத்ததன் பயனாகவே நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. அடைத்து வைப்பதால் நோய் நின்றதா? அவர்களிடம் சென்றுவந்த ஆடவர் ஒருவரும் அடைக்கப்படவில்லையே! பரிசோதனைக்குச் சென்றால் சிறைதான் என்று அஞ்சுகிறவள் பரிசோதனைக்கு வரமாட்டாள். பிற்காலத்தில் தடுப்புப் பணி வேரூன்றியது, பாதிக்கப்பட்டோரே ஊழியராய் எழுந்தபோதுதான். பாலியல் தொழிலாளரும் திருநங்கையரும் தம்மவருக்குத் தாமே போதித்தனர், 1998இல் பி. கௌசல்யாவும் உடனிருந்த பெண்களும் சென்னையில் எச்.ஐ.வி.யுடன் வாழும் பெண்களுக்கென ஓர் அமைப்பைத் தொடங்கினர். மேசையில் எவருக்கு இடம் என்பதை மேசைக்கு வெளியே இருந்தோர் தீர்மானித்த காலம் அது; திருச்சபை அப்போது பெரும்பாலும் மௌனம் காத்தது.

இனி நம் காவிரிப் படுகைக்கு வருவோம். கடைமடை என்ற சொல்லை இங்கு விளக்க வேண்டுவதில்லை. கல்லணையில் நீர் திறந்தாயிற்று என்று செய்தி வந்த நாளிலேயே வேதாரண்யத்து வயல் நனைந்துவிடுவதில்லை. தலைமடைக்காரன் மடையைத் திறந்தே வைத்திருந்தால் அது நனைவதே இல்லை. மருந்தும் அப்படியே. 2004 ஏப்ரல் 1 அன்று அரசு எச்.ஐ.வி. கூட்டுமருந்தை இலவசமாக வழங்கத் தொடங்கியபோது, முதல் மையங்களுள் ஒன்று தாம்பரம் நெஞ்சக மருத்துவமனை. அது 1928இல் டாக்டர் சௌரிமுத்து என்னும் தமிழ்க் கிறிஸ்தவர் காசநோயாளருக்கென நிறுவிய இல்லம். மருந்து இலவசம், ஆனால் தஞ்சையிலிருந்து தாம்பரம் 300 கிலோமீட்டருக்கு மேல். பேருந்துக் கட்டணமும் இரண்டு நாட் கூலியும் எவர் தருவார்? இன்று தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே மருந்து கிடைக்கிறது. எனினும் நடவுக் காலத்தில் ஒரு நாட் கூலியை இழந்து வரவேண்டிய நிலமற்ற பெண்ணுக்கு அந்தத் தொலைவும் தொலைவே. எல்லோருக்கும் ஒரே அளவு என்பது சமத்துவம் ஆகாது; கடைமடைக்கு நீர் எட்டும்வரை மடையைக் காப்பதே சமநீதி.

2012 முதல் 2019 வரை ஓராண்டிலேனும் மேட்டூர் அணை வழக்கமான ஜூன் 12இல் திறக்கப்படவில்லை. குறுவை பொய்த்த ஊர்களிலிருந்து ஆடவர் திருப்பூருக்கும் கேரளத்துக்கும் பிழைப்புத் தேடிச் சென்றனர். சென்றவரெல்லாம் நோய் கொண்டுவந்தனர் என்று எவரும் எண்ணிவிடலாகாது. ஆனால் குடும்பத்தைப் பிரிந்து மாதக்கணக்கில் தங்குவோருக்கு ஆபத்து மிகுதி என்பதையும், அவருடைய மனைவிக்கு அதைத் தடுக்கும் வழி மிகக் குறைவு என்பதையும் போதகர் அறிந்திருத்தல் வேண்டும். ஒழுக்கத்தில் ஒரு குறையும் இல்லாத பெண்களே இந்நாட்டில் பெருந்தொகையாய் இந்நோய்க்கு ஆளாயினர்.

நம் பிழையையும் இங்கே மறைக்கலாகாது. ஊழியத்தின் தொடக்க ஆண்டுகளில், வெளியூரில் பணிசெய்து மெலிந்து திரும்பிய ஓர் இளைஞன் நம் சபையில் இருந்தான். ஊரார் காரணத்தை ஊகித்தனர். திருவிருந்து நாளில் சபையார் கலங்குவர் என்று, அவனை வரிசையின் இறுதியில் வரச்சொன்னோம். பாத்திரத்தை அவன் உதட்டருகே கொண்டுசெல்லாமல், அப்பத்தை இரசத்தில் தோய்த்து அவன் கையில் கொடுத்தோம். உமிழ்நீரால் இக்கிருமி பரவாது; பொதுப் பாத்திரத்தால் எவருக்கும் தொற்றியதில்லை. அதை நாம் அன்றும் நூலில் படித்தே இருந்தோம். அடுத்த திருவிருந்துக்கு அவன் வரவில்லை. அவன் அடக்க ஆராதனையை நடத்தியபோது அவன் தாய் நம்மிடம் ஒரு சொல்லும் கேட்கவில்லை, கேட்டிருந்தால் தேவலை.

பின்னொரு முறை நாம் கண்டது வேறு. சுகமளிக்கும் கூட்டம் ஒன்றில் விடுதலை பெற்றதாய் அறிவித்த ஒருவர் மாத்திரைகளை நிறுத்திவிட்டார். ஓராண்டுக்குள் காசநோய் பற்றியது. ஜெபம் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. ஜெபத்தோடு மாத்திரையையும் உண்ணச் சொல்லாத பிரசங்கி மாடிச்சுவரை இடிக்கிறவர் என்கிறோம். நாள்தோறும் ஒரு மாத்திரை தவறாமல் உட்கொண்டு, இரத்தத்தில் கிருமி அளவிடமுடியாதபடி குறைந்துவிட்ட ஒருவரிடமிருந்து உடலுறவால் நோய் பரவுவதில்லை என்பது இன்று உறுதிப்பட்ட உண்மை. திருமண ஆலோசனையில் இதைத் தெளிவாய்ச் சொல்லும் போதகர் எத்தனை பேர்?

சட்டமும் இப்போது நம்மை முந்திவிட்டது. 2017இல் நிறைவேறி 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையிலுள்ள எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்புச் சட்டம், கல்விக்கும் வேலைக்கும் முன்நிபந்தனையாக இப்பரிசோதனையைக் கேட்பதைத் தடைசெய்கிறது. இறையியல் கல்லூரிகளும் திருச்சபை அலுவலகங்களும் இதற்கு விலக்கானவை அல்ல. அதன் 22ஆம் பிரிவு, ஆணுறையும் புது ஊசியும் வழங்குவோரைக் குற்றவாளியாக்கலாகாது என்று காக்கிறது. ஆகவே மணமக்களிடம் சான்றிதழ் கேட்கும் வழக்கத்தை நம் குருசேகரத்தில் விட்டுவிட்டோம். இருவரிடமும் தனித்தனியே பேசி, விரும்பினால் அரசு மருத்துவமனையின் நம்பிக்கை மையத்துக்குச் சென்றுவரும்படி சொல்கிறோம். முடிவு அவர்களுடையது, தாளை நாம் பார்ப்பதில்லை. அம்மையத்துக்கு அப்பெயரைச் சூட்டியவர் எவரோ, இறையியல் அறிந்தவரைப்போல் சூட்டியிருக்கிறார்.

மருந்துப் புட்டியின்மேல் ஒட்டியுள்ள பெயர்ச்சீட்டைக் கிழித்தெறிந்துவிட்டுப் பேருந்தேறுகிறவர் பலர். நம் சபையைச் சேர்ந்த ஒரு கைம்பெண் அதுவும் செய்ய இயலாதவள். மாமியார் வீட்டில் பெட்டியைச் சோதிப்பார்கள். மூன்று மாதத்துக்குரிய மருந்தைக் குருமனையின் அலமாரியில் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டாள். வைத்திருக்கிறோம். ஞாயிறு ஆராதனை முடிந்தபின், ஒரு வாரத்துக்கு வேண்டிய மாத்திரைகளைச் சிறு குங்குமச் சிமிழில் எடுத்துச்செல்கிறாள். அலமாரியின் சாவி கோவிற்பிள்ளையிடம் உள்ளது; உள்ளே என்ன இருக்கிறதென்று அவர் இன்றுவரை கேட்டதில்லை.